மேல் நிலையத்தில் இருந்தவர்கள்

பெப்ரவரி 11, செவ்வாய்

சிறுமி உயிருடன் இருக்கிறாள். மாநிலப் பொலிசான கன்ரோன் பொலிஸ் இன்று மாலை வெளியிட்ட அறிக்கையின் முதல் வரி இதுதான். வயது ஒன்பது. பனிச்சறுக்குப் பள்ளி மாணவி. ஹெலிகொப்டரில் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்து கொடுத்து உறங்கவைத்திருக்கிறார்கள். பெயர் வெளியிடப்படவில்லை.

அதிவேக நாற்காலி லிப்ட் என்றால் என்னவென்று இந்த சில்பர்மாட் மலையூருக்கு வரும்வரை எனக்கும் தெரியாது. ஆறு பேர் ஒரே வரிசையில் அமரும் நாற்காலிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும். வடம் நிற்பதில்லை. நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி மட்டும் வடத்திலிருந்து கழன்று, ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். ஆட்கள் இறங்கியதும் வளைவில் திரும்பி, மறுபடி வடத்தைக் கவ்விக்கொண்டு பாய்ந்து வெளியேறும்.

இன்று மத்தியானம் மேல் நிலையத்தில் ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். ஆறாவது பிள்ளையின் முதுகுப்பை வார் நாற்காலியில் சிக்கியது. அவளை இழுத்துக்கொண்டு நாற்காலி வளைவைச் சுற்றி வெளியே போனது. லிப்ட் நிறுத்தப்பட்டபோது அவள் நான்கு மீற்றர் உயரத்தில் அந்த வாரில் தொங்கிக்கொண்டிருந்தாள். வார் கழுத்தை இறுக்கியிருந்தது. யாராவது இறங்காவிட்டால் லிப்டைத் தானாக நிறுத்தவேண்டிய கம்பி ஏன் வேலை செய்யவில்லை என்பது ஆராயப்படுகிறது.

மேல் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் கடமையில் இருந்தவன் கஜரூபன். என் மனைவி வதனாவின் தம்பி. அவன் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கு நானும் வதனாவும் வந்து தங்கியிருப்பது அவன் வீட்டில்தான். லிப்டை நிறுத்தியதும் அவனே ஓடிப்போய், ஏணியில் ஏறி, ஆட்கள் வரும்வரை அவளைத் தோளில் தாங்கிப் பிடித்திருக்கிறான். இதைப் பொலிஸ் அறிக்கையும் சொல்கிறது.

ரூபன் இருட்டிய பிறகு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நெடுநேரம் நின்றான். அவன் மனைவி தர்மினி வந்து கழற்றிவிட்டாள்.

படுக்கப் போகும்போது வதனா கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பாட்டுப் பெட்டி எங்க?"

"மேல விட்டிட்டன்."

மத்தியானம் ரூபனுக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான். கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

பெப்ரவரி 12, புதன்

பத்திரிகைக்கு நான்கு பந்தி அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் செய்தி எழுதியவன், இப்போது ஐரோப்பியத் தமிழ் வார இதழ் ஒன்றுக்கு எழுதுகிறேன். சம்பவத்தில் சம்பந்தப்பட்டவனின் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எழுதாமல் விட முடியாது. தகவல் மூலம்: பொலிஸ் அறிக்கை, நிலையப் பணியாளர் ஒருவர். "கண்டவுடன நிப்பாட்டினன்" என்று ரூபன் சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போட்டேன்.

ஆசிரியர் குலவீரசிங்கம் தொலைபேசியில் கேட்டார். "மச்சான்காரனெண்டு போடுவமோ அண்ணை?"

"வேண்டாம். பாரபட்சமெண்டு சொல்லுவினம்."

"ஓம், அதுவும் சரிதான்."

தலைப்பை மட்டும் அவர் மாற்றிவிட்டார்: சிறுமியைத் தோளில் தாங்கிய தமிழர்.

பெப்ரவரி 13, வியாழன்

இந்தக் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் இன்று எங்கள் முறை. சிறுமியின் நிலையில் மாற்றமில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

சிறுமியின் தகப்பனும் தாயும் வீட்டுக்கு வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. தாய் ஒரு பூச்சாடி கொண்டுவந்திருந்தாள். தர்மினி தேநீர் போட்டாள். ரூபனைக் காணவில்லை. அவன் மூத்த மகள் ஆரபி தேடிப் போய்விட்டு வந்து, அப்பா சலவை அறைக்குள் இருக்கிறார், கதவைத் திறக்கிறார் இல்லை என்று என் காதில் சொன்னாள். நேற்றே சலவை முடிந்துவிட்டது.

நான் இறங்கிப் போனேன். "ரூபன், அவை உனக்கு நன்றி சொல்ல வந்திருக்கினம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தெரியும் அத்தான். அதுதான் இஞ்ச இருக்கிறன்."

தகப்பன் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னை ரூபனின் அண்ணன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் திருத்தவில்லை.

பின்னேரம் தமிழ்ச் சங்கத்திலிருந்து அழைப்பு. மார்ச் முதலாம் திகதி கலைவிழாவில் ரூபனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். என் செய்தியைப் படித்தார்களாம்.

பெப்ரவரி 15, சனி

லிப்ட் நிறுவனத்தின் அறிக்கை காலையில் வந்தது. முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைத்த பிறகே பிள்ளைகளை ஏற்றவேண்டும் என்பது விதி. கீழ் நிலையத்தில் அது கவனிக்கப்படவில்லை என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாம். கீழ் நிலையப் பணியாளர் இடைநிறுத்தப்பட்டிருக்கிறார். மேல் நிலையப் பணியாளர் "தனது இடத்தில், தனியாக, கவனத்துடன்" இருந்தார்.

இடைநிறுத்தப்பட்டவன் தியாகோ. போர்த்துக்கல்காரன். குளிர்காலத்துக்கு மட்டும் வேலைக்கு வருகிறவன். ரூபனோடு நான்கு வருடமாக வேலை.

இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நானும் ரூபனும் கார் தரிப்பிடத்தில் பனி வாரினோம். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அத்தான், பொலிஸ் என்னட்டக் கேட்டது, கூட ஆரும் இருந்தவையோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லையெண்டு. கட்டுப்பாட்டு அறைக்குள்ள வெளியாள் நிண்டால் அண்டைக்கே வேலை போகும். வழக்கும் என்ர தலையில. வழக்கிருந்தால் பிரஜாவுரிமை இல்லை. மார்ச் இருபத்தொண்டு ஊர்ச்சபை கை உயர்த்தி என்ர விண்ணப்பத்துக்கு வாக்களிக்குது, பதினாலு வருசம் காத்திருந்து."

ஒரு வாரல் பனியைத் தூக்கி எறிந்தான்.

"நீங்கள் அங்க வரேல்லை அத்தான். சாப்பாடு கீழ தந்திட்டுப் போயிட்டீங்கள். சரியே?"

நான் "ம்" என்றேன். அது சம்மதமல்ல என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை எழுதியது தவறு. கொடுத்துவிட்டு இறங்கவில்லை. நடந்ததைக் குறித்துவைக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறை நம் ஊர் பஸ் நிலையத்து ரிக்கற் கூண்டு அளவுதான். கதவில் நான்கு மொழியில் வெளியார் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரேயொரு சுழல் கதிரை. அது கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். அதிலிருந்தால் நாற்காலிகள் உள்ளே வருவதும் வளைவில் திரும்பி வெளியேறுவதும் தெரியும். கையெட்டும் தூரத்தில் வேகம் குறைக்க மஞ்சள் குமிழ், நிறுத்தச் சிவப்புக் குமிழ். இறங்குமிடத்துப் பனியை வாரும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் கதிரையில் இருந்து பார்ப்பதுதான் வேலை.

நான் கதவைத் தட்டியதும் ரூபன் எழுந்தான்.

"உள்ள வாங்கோ அத்தான், குளிர். இதில இருங்கோ."

"நீ இரு. உனக்கெல்லோ வேலை."

"சும்மா இருங்கோ. நீங்கள் நிக்க நான் இருக்கிறதோ? அக்கா அறிஞ்சால் கொல்லுவா."

அக்காவின் புருசன் நிற்க, தான் உட்காரும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. நானும் அதற்குப் பழகிப்போனவன். இருந்தேன். அவன் பெட்டியைத் திறந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, என் முகத்தைப் பார்த்தபடி நின்று சாப்பிட்டான். கத்தரிக்காய்ப் பால்கறியை முகர்ந்துவிட்டு, "இந்த மலையில இதுக்குத்தான் ஆக்கள் வரிசையில நிக்கவேணும்" என்றான்.

நான் பிரஜாவுரிமை நேர்முகத்தைப் பற்றிக் கேட்டேன். பேச்சுக்காகக் கேட்கவில்லை. ஒரு கட்டுரை மனதில் இருந்தது.

"கனக்கக் கேட்டவங்கள் அத்தான். குப்பைப் பை எங்க வாங்கிறனி, அயல்வீட்டுக்காரனோட கதைக்கிறனியோ. பிறகு மத்திய அமைச்சர் ஏழு பேரின்ர பேர்."

"சொன்னனியோ?"

"நித்திரையிலயும் சொல்லுவன்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினான்.

மூன்றாவது பெயரில் நான் வெளியே ஏதோ தொங்குவதைக் கண்டு கையைக் காட்டினேன். அவன் திரும்பினான். சிவப்புக் குமிழை அடித்தான். ஓடினான்.

பிறகு பயிற்சியாளர்களும் ஆட்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுந்து, நடைபாதையால் தனியே கீழே இறங்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

காய்ச்சல் போலிருக்கிறது. வதனா மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தாள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போடுவோமா என்று கேட்டாள். தம்பியை இந்த நிலையில் விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

தியாகோவைக் கண்டேன். பல்பொருள் அங்காடி வாசலில், வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களைச் சேகரிப்புத் தொட்டியின் ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். நிறுவனம் தந்த அறையைக் காலிசெய்வதால் எல்லாவற்றையும் ஒழிக்கிறானாம். மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இருவருக்கும் ஜேர்மன் மொழி அரைகுறைதான். அதனால் மெதுவாகவும் தெளிவாகவும் பேசிக்கொண்டோம்.

"அவள் பையைக் கழற்றினாள்," என்றான். "நான் பார்த்தேன், மடியில் வைத்தாள். மேலே போகும்போது மறுபடி மாட்டியிருக்கிறாள். குளிர், பிள்ளை, மாட்டுவாள்தானே. நான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதினால் நம்பியதாக அர்த்தமில்லை."

எனக்கு வருத்தம் என்றேன்.

அவன் ஒரு போத்தலை நசுக்கினான். "உங்களை மேலே ஏற்றிவிட்டது நான்."

"ஓம்."

"ரிக்கற் கேட்கவில்லை. ரூபனின் குடும்பம், சாப்பாடு கொண்டுபோகிறார், சுடச்சுடப் போகட்டும் என்று ஏற்றினேன். ஒரு தரம் எனக்கும் அந்தச் சாப்பாட்டில் பங்கு தந்தான். வாய் எரிந்து பனியைத் தின்றேன்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நீங்கள் இறங்கி வந்ததை நான் காணவில்லை. விபத்துக்குப் பிறகு, நடைபாதை முடியும் இடத்தில்தான் கண்டேன்."

"பொலிசுக்குச் சொன்னீர்களா?"

"இல்லை. ரூபனுக்கு மூன்று பிள்ளை. எனக்கு ஒருவருமில்லை." கடைசிப் போத்தலையும் போட்டான். "நீங்கள் பத்திரிகைக்காரர் என்று ரூபன் சொல்லியிருக்கிறான். நீங்களே சொல்லுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். நான் வாங்கவந்த பாலை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி போய் வாங்கினேன்.

பெப்ரவரி 19, புதன்

வதனாவிடம் சொன்னேன். தர்மினியும் சமையலறையில் இருந்தாள். சொல்லி முடிக்கும்வரை இருவரும் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப, நீங்கள் போய்ச் சொல்லப்போறியள்," என்றாள் வதனா.

"தியாகோவில பிழையில்லை."

"தம்பியிலயும் பிழையில்லை. அவன் உங்களுக்குக் கதிரை தந்ததோ பிழை? நான்தானே உங்களைச் சாப்பாட்டோட அனுப்பினனான். அப்ப என்னையும் எழுதிக் குடுங்கோ."

தர்மினி குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, அந்தப் போர்த்துக்கல் பொடியனுக்குத் திரும்பிப்போக ஒரு நாடு இருக்கு. இவருக்கு?"

ஒரு போத்தல் நசுங்கும் சத்தம்தான் காதில் இருந்தது.

குலவீரசிங்கத்துக்கு அழைத்து, சென்ற இதழ்ச் செய்திக்கு ஒரு திருத்தம் வரும் என்றேன்.

"எந்த வரியில அண்ணை?"

"தகவல் மூலத்தில. நிலையப் பணியாளர் ஒருவர் எண்டு போட்டனான். அதோட, செய்தியாளரும் அந்த இடத்தில இருந்தவர் எண்டு போடவேணும்."

அவர் "விழாக்காரருக்கு நான் என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டார்.

பெப்ரவரி 20, வியாழன்

ரூபனிடம் நானே சொல்வதுதான் முறை. அவன் வேலை முடிந்து வரும் பாதையில், பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். லிப்ட் மறுபடி ஓடுகிறது. மலைமேல் நாற்காலிகள் வரிசையாகப் போவது அங்கிருந்தும் தெரிந்தது.

வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குக் காலையில் அழைத்துவிட்டேன் என்றேன். திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

"என்ன சொல்லப்போறியள்?"

"நடந்ததை. நான் உள்ள இருந்தது. உன்ர கதிரையில இருந்தது. நீ மூண்டாவது பேர் சொல்லேக்க நான் கண்டு கையைக் காட்டினது."

"மூண்டாவது பேரிலயோ?"

"ஓம்."

"அத்தான்." என்னைப் பார்த்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இன்றுதான் நேரே பார்த்தான். "நான் ஏழும் சொல்லி முடிச்சனான். ஏழாவது ஆளின்ர பேரை நீங்கள் திருப்பிக் கேட்டனீங்கள். புதுசாய் வந்த ஆளோ எண்டு கேட்டனீங்கள். நான் ஓமெண்டனான். அதுக்குப் பிறகுதான் கையைக் காட்டினனீங்கள்."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆளில்லாமல் போனது.

"உங்கட கண் வெளிய போனதை நான் கண்டனான். போய்த் திரும்ப என்னட்ட வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறியளெண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தன். அத்தான் கேக்கேக்க இடையில விட்டிட்டுத் திரும்பிப் பாக்க எனக்கு வரேல்லை."

"நீ இதைப் பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம்."

"எப்பிடிச் சொல்ல? அக்காவின்ர மனிசனெல்லோ." கையுறையை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான். "நீங்கள் வரேல்லையெண்டு நான் சொன்னது என்ர பிரஜாவுரிமைக்கு மட்டுமெண்டு நினைச்சியளோ?"

வீடுவரை நடந்தோம். அவன் வழக்கம்போல எனக்கு அரையடி பின்னால் வந்தான். நான் நின்று பார்த்தேன். அவனும் நின்றான்.

முகம் பார்த்துக் கேள், பேசுகிறவரை இடையில் நிறுத்தாதே, நிறுத்தினால் அடுத்த வரி கிடைக்காது. இதை எத்தனையோ இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெளியே தொங்கியதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேனா, ஒன்றும் நினைக்கவேயில்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஏழாவது பெயர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெப்ரவரி 21, வெள்ளி

சிறுமி கண் விழித்துவிட்டாள். அவளுடைய தாய் தர்மினிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இது. மருத்துவமனை இன்னும் உறுதிசெய்யவில்லை. தாயை அடையாளம் கண்டாள், இடது கை அசையவில்லை, பேசவில்லை என்று இருக்கிறது. தர்மினி வாசித்துக் காட்டினாள். ரூபன் தொலைபேசியை வாங்கித் தானும் ஒரு தரம் வாசித்தான். பிறகு முகம் கழுவப் போனான். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

தெரியவேண்டியவை:

கையும் பேச்சும் திரும்புமா என்பதை அடுத்த புதனுக்குப் பிறகுதான் சொல்லலாம் என்று மருத்துவர்கள் தாயிடம் கூறியிருக்கிறார்கள்.

தானாக நிறுத்தும் கம்பி பற்றிய தொழில்நுட்ப அறிக்கை மார்ச் நடுப்பகுதியில் வரும்.

தியாகோவின் இடைநிறுத்தம் என் வாக்குமூலத்துக்குப் பிறகு மீளாய்வு செய்யப்படலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். செய்யப்படும் என்று சொல்லவில்லை. அவனுடைய அறை இருபத்தெட்டாம் திகதிவரை.

ஊர்ச்சபையின் நிகழ்ச்சிநிரலில் ரூபனின் பெயர் இன்று மாலைவரை இருந்தது.

ரூபன் தன் வாக்குமூலத்தை மாற்றுவானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

என் விசாரணை திங்கள் காலை ஒன்பதரைக்கு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நகருக்குக் காரில் ஒரு மணித்தியாலம். என்னை யார் கூட்டிக்கொண்டு போவது என்று வீட்டில் ஒருவரும் இன்னும் பேசவில்லை. முதல் பஸ் ஆறு ஐம்பதுக்கு.